ஞானம்பாளின் புழுப்பானைகள்

ஞானம்பாள் மாமல்லபுரத்துக்கு வேலை தேடி வந்தது 1973ஆம் வருஷம் ஐப்பசி மாதம். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. துணிப்பையில் இரண்டு புடவை, ஒரு வேதப்புத்தகம், செங்கல்பட்டுப் பக்கத்துத் தொழுநோய் மருத்துவமனையில் கொடுத்த சான்றிதழ். நோய் முழுக்கத் தீர்ந்துவிட்டது, இவரிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒன்பது வருஷம் மாத்திரை விழுங்கி வாங்கிய காகிதம் அது. ஆனால் நீட்டிய இடத்திலெல்லாம் ஆட்கள் காகிதத்தைப் பார்க்கவில்லை, நீட்டிய கையைத்தான் பார்த்தார்கள்.

வலது கையில் இரண்டு விரல்கள் உள்பக்கமாக மடங்கி நின்றுவிட்டன. இடது கையில் மூன்று விரல்கள் பாதியாகக் குறைந்திருந்தன. இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குக் கீழே சூடும் தெரியாது, வலியும் தெரியாது.

சொந்த ஊர் கருங்குழி. அப்பா அம்மா காலத்திலிருந்தே அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். நாற்று நடுவதில் ஞானம்பாளுக்கு முன்னால் யாரும் கரையேற முடியாது என்று சொல்வார்கள். முதுகில் தேமல் போல ஒன்று படர்ந்து, அது தேமல் இல்லை என்று தெரிந்த வருஷமே புருஷன் மெட்ராசுக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். தம்பி ஏசுபாதம்தான் அவளை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தான். முதலில் மாதா மாதம் வந்து பார்த்தான். கல்யாணம் ஆன பிறகு அதுவும் நின்றது. குணமாகி வீட்டுக்குப் போனபோது தம்பி பெண்சாதி செங்கம்மாள் கைக்குழந்தையோடு வாசலை மறித்து நின்றாள். ஏசுபாதம் தரையைப் பார்த்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் பேசுவார்கள், கொஞ்ச நாள் போகட்டும் என்றான். ஞானம்பாள் சண்டை போடவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

மருத்துவமனை நர்சம்மா ஒருவர் சொல்லித்தான் அவள் லோகநாயகியின் லாட்ஜுக்கு வந்தாள். லோகநாயகி கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். சின்ன வயதில் கூடை தூக்கி மீன் விற்றவள். புருஷன் கட்டிய ஆறு அறை லாட்ஜை, அவர் போன பிறகு தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். ஞானம்பாள் நீட்டிய சான்றிதழை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது. நர்சம்மா சொல்லி அனுப்பிச்சிது, அது போதும். நீ சொல்லு, உனுக்கு இன்னா வேல தெரியும்?"

ஒன்பது வருஷமாக எல்லோரும் ஞானம்பாளிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். என்ன தெரியும் என்று கேட்டது லோகநாயகிதான். ஞானம்பாள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, கழனி வேலை தெரியும், பெருக்குவேன், தண்ணீர் தெளிப்பேன் என்றாள். அன்றே வேலைக்குச் சேர்ந்தாள். பின்கட்டில் ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறையும் கிடைத்தது.

அந்தப் பின்கட்டில், பூவரச மர நிழலில், ஆள் உயரத்துக்கு ஒரு கம்பிக் கூண்டு இருந்தது. அதற்குள் மூன்று ஜோடி சிவப்புச் சில்லைகள். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். லோகநாயகியின் புருஷன் சாவதற்கு முந்தின வருஷம் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கி வந்தவை. விற்றவன் அவற்றை பிஞ்ச் என்று சொன்னானாம். லாட்ஜில் எல்லோரும் பிஞ்சுக் குருவி என்றுதான் சொன்னார்கள். மழை பிடித்ததும் ஆண் குருவிகள் மிளகாய்ப்பழ நிறத்துக்கு மாறி, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்துக்கொள்ளும். லோகநாயகிக்குக் காலையில் அந்தக் கூண்டின் முன்னால் நின்று காபி குடிக்காவிட்டால் நாள் ஓடாது.

அந்தக் கார்த்திகையில் இரண்டு ஜோடிகள் புல்லை உருட்டிக் கூடு கட்டி முட்டையிட்டன. குஞ்சு பொரித்த நாலாம் நாள் காலையில் ஞானம்பாள் கூண்டைப் பெருக்கும்போது, கீழே மணலில் ஐந்து குஞ்சுகள் செத்துக் கிடந்தன. கண் திறக்காத, மயிர் முளைக்காத உடம்புகள். லோகநாயகி வந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வருஷா வருஷம் இப்படித்தான் ஆகிறது என்றாள். தினை போடுகிறாள், அவித்த முட்டை வைக்கிறாள், ரொட்டியை ஊறவைத்துக் கொடுக்கிறாள். தாய்க்குருவிகள் எல்லாவற்றையும் தின்கின்றன, குஞ்சுகளுக்கு மட்டும் ஊட்ட மாட்டேன் என்கின்றன. கடைசியில் வெளியே தள்ளிவிடுகின்றன. மூர் மார்க்கெட்காரனைக் கேட்டதற்கு, உயிரோடு நெளிகிற புழு பூச்சி இருந்தால்தான் இந்த ஜாதி குஞ்சுக்கு ஊட்டும் என்று சொல்லியிருக்கிறான். புழுவுக்கு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாட்ஜில் வேலை செய்தவர்கள் யாரும் அந்த வேலைக்கு ஒப்பவில்லை.

ஞானம்பாள் செத்த குஞ்சுகளை முறத்தில் வாரினாள். கழுத்துக்குக் கீழே இரைப்பை ஒட்டிப்போயிருந்தது தெரிந்தது. கருங்குழியில் கோழிக்குஞ்சுகளுக்கு என்ன கொடுத்து வளர்த்தார்கள் என்று அவளுக்கு நினைவு வந்தது.

"கறையான் குடுத்துப் பாக்கலாமா யம்மா?" என்றாள்.

லோகநாயகி அவள் கையைப் பார்த்தாள். "நீ எப்பிடிப் புடிப்ப?"

"புடிக்க வோணாம்மா. அதுவா வரும்."

அன்று சாயங்காலமே ஒரு பழைய மண்பானையை எடுத்தாள். அதில் காய்ந்த சாணி, வைக்கோல், கிழிந்த சாக்குத் துண்டு எல்லாவற்றையும் திணித்து, ஈரமாகும்படி தண்ணீர் தெளித்தாள். லாட்ஜுக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்பில் ஒரு கறையான் புற்று இருந்தது. அதன் ஓரத்தை மண்வெட்டியால் லேசாகக் கொத்தி, பானையை அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் விடிந்ததும் லோகநாயகியும் கூடவே போனாள். பானையை நிமிர்த்தியபோது சாக்குத் துண்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. ஒரு தட்டில் உதறினால் போதும், விரலால் பொறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

மூன்றாவது ஜோடியின் முட்டைகள் பொரிந்தது அதற்கடுத்த வாரம். தட்டைக் கூண்டுக்குள் வைத்ததும் குருவிகள் ஒரு கணம் ஒதுங்கி நின்றன. பிறகு தாய்க்குருவி இறங்கி வந்து ஒவ்வொன்றாகக் கொத்தி வாயில் சேர்த்துக்கொண்டு கூட்டுக்குள் போயிற்று. போனது திரும்பி வந்தது, மறுபடி போனது. சாயங்காலம் லோகநாயகி ஸ்டூல் போட்டு ஏறிக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நாலு குஞ்சுகள். மெல்லிய கழுத்துத் தோல் வழியாக உள்ளே இருந்த இரை வெள்ளையாகத் தெரிந்தது. அவள் கீழே இறங்கி உள்ளே போய், இரண்டு டம்ளரில் காபி எடுத்து வந்தாள். நாலு குஞ்சும் பிழைத்தன.

அதிலிருந்து ஞானம்பாளுக்குக் குருவி வேலைதான் முதல் வேலை. அது அத்தனை சுலபமாக இருக்கவில்லை. காலையில் எடுத்த கறையான் உச்சிவேளைக்குள் காய்ந்து செத்துவிடும். ஈரத்தை அதிகம் வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி நாறிவிடும். புற்றுமண்ணையும் மட்கிய சவுக்குக் கட்டையையும் கூடவே போட்டு, மேலே ஈரச் சாக்கு மூடி நிழலில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும் என்று அவள் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. வாசனை பிடித்து எறும்பு வந்துவிடும். மேசையின் நாலு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களில் நிறுத்தி அதைத் தடுத்தாள்.

பங்குனி வந்ததும் வேறு தொல்லை. வெயில் ஏற ஏறக் கறையான் மண்ணுக்கடியில் ஆழமாகப் போய்விட்டது. மூன்று இடத்தில் பானை கவிழ்த்தும் ஒரு பிடி தேறவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு ஜோடி மறுபடி முட்டையில் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு நாளில் குஞ்சு வந்துவிடும்.

ஞானம்பாள் பஸ் ஏறித் திருப்போரூருக்குப் போனாள். அங்கே சிங்காரம் என்பவர் ஒரு மாவு மில் வைத்திருந்தார். மில் மூலைகளில் பெருக்கிக் கொட்டிய பழைய மாவிலும் தவிட்டிலும் வண்டும் புழுவும் விழுந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தனக்கு அந்தக் குப்பை வேண்டும் என்று கேட்டபோது அவர் நம்பவில்லை. குருவிக்கு என்று விளக்கிய பிறகு, சாக்கில் தாமே அள்ளிப் போட்டு, பஸ் வரைக்கும் ஆளை விட்டுத் தூக்கி வரச் சொன்னார். மாதம் ஒருமுறை வா, எடுத்து வைக்கிறேன் என்றார். அவள் கையை அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு, வழியில் அவிழ்ந்து அவள் திண்டாடக் கூடாதென்று சாக்கின் வாயை வழக்கத்தைவிட இறுக்கமாகக் கட்டிக் கொடுத்தார். அவர் சாக்கைக் கட்டிக் கொடுத்த விதத்தை ஞானம்பாள் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோதுமைத் தவிட்டைப் பானைகளில் நிரப்பி, புழுவையும் வண்டையும் அதில் விட்டாள். ஈரத்துக்குப் பூசணித் துண்டு. பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தினமும் துண்டை மாற்றினாள். பானை வாயில் பழைய வேட்டித் துணி கட்டினாள். வண்டுகள் முட்டை வைத்து, புழு பெருகியது. ஆனால் தவிட்டிலிருந்து புழுவைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தன் கை என்ன என்பது தெரிந்தது. அரிசி அளவுகூட இல்லாத புழு. பிடித்தது தெரியாது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் தெரியாது. எடுத்ததெல்லாம் நசுங்கிப்போயிற்று. தட்டில் ஈரக் கறையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

தவிடு போட்டிருந்த சல்லடையைத் தட்டின்மேல் அப்படியே வெயிலில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். திரும்பி வந்து பார்த்தபோது சல்லடையில் வெறும் கரட்டுத் தவிடு. புழுக்களெல்லாம் வெளிச்சத்துக்குப் பயந்து சல்லடைக் கண் வழியாகக் கீழே இறங்கித் தட்டில் நெளிந்துகொண்டிருந்தன. ஞானம்பாள் அங்கேயே மண்டியிட்டாள். இதுவும் அதுவாகவே வருகிறது. கர்த்தரே, என் விரலுக்குத் தக்கபடிதான் இதுகளைப் படைத்தீரா என்று வாய்விட்டுச் சொன்னதாகப் பிற்பாடு லோகநாயகியிடம் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

அதன் பிறகு பெரிய பானைக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையைப் பதித்து, புழுவை அந்தக் குளிர்ச்சியில் சேமித்தாள். அங்கே புழு சோம்பிக் கிடக்கும், சீக்கிரம் வண்டாக மாறாது. தேவைக்கு எடுத்து நிழலில் வைத்தால் அரை மணியில் நெளிய ஆரம்பிக்கும். கோடைக் குஞ்சுகளும் பிழைத்தன.

இரண்டாம் வருஷம் ஒரு சமயம் தவிட்டில் பொடி உண்ணி மாதிரி ஏதோ பரவி, இரண்டு பானைப் புழு அழிந்தது. புதுத் தவிட்டை வறுத்து ஆறவைத்துப் போட்டால் அது வராது என்று சிங்காரம் சொன்னார். ஞானம்பாள் பின்கட்டு அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து வறுத்தாள். சட்டியின் காதைத் துணியில்லாமல் பிடித்திருக்கிறாள். கருகல் வாடை வந்ததும், தவிடு கருகுகிறதே என்று குனிந்து பார்த்தாள். தவிடு கருகவில்லை. உள்ளங்கை பொசுங்கியிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. துணி சுற்றிக்கொண்டு, முந்தானைக்குள் மறைத்து நாலு நாள் வேலை செய்தாள். புண் என்று தெரிந்தால் பழைய நோய் என்று நினைப்பார்கள், லாட்ஜில் தங்குகிறவர்கள் காதுக்குப் போகும், இந்த இடமும் போய்விடும் என்ற பயம். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்து பாயில் கிடந்தாள். லோகநாயகி கஞ்சியோடு வந்து, துணியை அவிழ்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தாள்.

"இன்னா ஞானம் இது? எத்தினி நாளா வச்சிகினு கீற?"

ஞானம்பாள் அழுதாள். அது நோய் இல்லை, சூடுதான், சான்றிதழை வேண்டுமானால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள் என்றாள்.

"அந்தக் காயிதத்த எவன் கேட்டான்? கை வெந்தா எங்கிட்ட சொல்லமாட்டியா? உனுக்குச் சுடறது தெரியாது. எனுக்குத் தெரியும் இல்ல? இனிமே அடுப்பு என்னோடது. நீ அந்தப் பக்கமே போவாத."

மறுநாள் லோகநாயகியே அவளை டாக்சி வைத்துச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போனாள். புண் ஆற நாற்பது நாள் பிடித்தது. அந்த நாற்பது நாளும் சவுக்குத் தோப்பில் பானை கவிழ்த்தது, சல்லடையை வெயிலில் வைத்தது, பூசணித் துண்டு மாற்றியது எல்லாம் லாட்ஜ் முதலாளியம்மா. ஞானம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் செய்தாள். தப்பாகச் செய்தால் ஞானம்பாள் உரக்கவே சொன்னாள். அப்படி உரக்கச் சொல்ல முடிந்ததே தனக்கு அதிசயமாக இருந்தது என்றாள் பிறகு.

1976 தை மாதத்தில் கூண்டில் முப்பத்தொரு குருவிகள் இருந்தன. அந்த மாதம் கருங்குழிச் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. நிலம் உள்ளவர்கள் முதல் நெல்லைக் கொண்டுவருவார்கள், மற்றவர்கள் பூசணி, கோழி, முட்டை என்று இருப்பதைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் போகும். ஞானம்பாள் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கோயிலுக்குள் போகவில்லை. இந்த வருஷம் போக வேண்டும் என்று நினைத்தாள். தனியாகப் போகத் தைரியம் இல்லை. நானும் வருகிறேன், உங்கள் சாமியையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள் லோகநாயகி.

இரண்டு பேரும் விடியலில் புறப்பட்டு, செங்கல்பட்டில் பஸ் மாறிப் போனார்கள். ஞானம்பாள் மடியில் ஒரு சின்னக் கூண்டு, அதில் ஒரு ஜோடி சில்லை. லோகநாயகி மடியில் துணி கட்டிய புழுப்பானை.

காணிக்கை வரிசை நகர்ந்தது. நெல் மூட்டைகளுக்கும் வாழைத்தார்களுக்கும் நடுவே அவள் கூண்டை வைத்தபோது கோயிலில் சலசலப்பு எழுந்தது. போதகரை அந்தச் சபையில் ஐயர் என்றுதான் சொல்வார்கள். அவர் புதியவர், அவளை முன்பின் அறியாதவர். இது என்னம்மா என்று அன்பாகத்தான் கேட்டார்.

"எனுக்கு நிலம் இல்ல ஐயரே," என்றாள் ஞானம்பாள். "இதான் என் அறுப்பு. ஆண்டவரு மண்ணுக்குள்ளேந்தும் தவுட்டுக்குள்ளேந்தும் இதுங்களுக்குத் தீனி அனுப்பிச்சாரு. எனுக்கும் ஒரு வூடு குடுத்தாரு."

சலசலப்பு அடங்கியது. போதகர் கூண்டின்மேல் கை வைத்து ஜெபம் செய்தார்.

ஏலத்தில் அந்தக் கூண்டைத் தூக்கிக் காட்டியபோது முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் விலை கேட்டது. ஏசுபாதம். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவனுக்கே விழுந்தது. அவன் முன்னால் வந்து கூண்டை வாங்கிக்கொண்டான். தலைமயிரில் நரை தெரிந்தது. அக்காவை நேராகப் பார்க்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இதுக்கு இன்னா போடணும்னு எனுக்குத் தெரியாது யக்கா," என்றான். "வூட்டுக்கு வந்து சொல்லிக்குடு."

ஞானம்பாள் லோகநாயகியைப் பார்த்தாள். லோகநாயகி புழுப்பானையை அவளிடம் நீட்டினாள். "போ. மகாபலிபுரத்துக் குருவிங்களுக்கு நா தீனி போட்டுக்கிறேன். ரெண்டு நாளு இருந்துட்டு வா," என்று சொல்லிவிட்டு, கோயிலில் கொடுத்த சாப்பாட்டை உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

வீட்டில் செங்கம்மாள் வாசலுக்கு வந்தாள். இந்த முறை மறிக்கவில்லை.  ஞானம்பாள், பழைய பானை ஒன்று இருக்கிறதா, காய்ந்த சாணி இருக்கிறதா என்று கேட்டாள். செங்கம்மாள் ஓடிப்போய் இரண்டையும் கொண்டுவந்தாள். வைக்கோலைத் தானே திணித்தாள். தண்ணீர்ச் செம்பைச் சாய்த்துக்கொண்டே, "இம்மாம் தண்ணி போதுமா அண்ணி?" என்று கேட்டாள். போதும் என்றாள் ஞானம்பாள். செங்கம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நடந்ததைப் பற்றி அவர்கள் அன்று பேசவில்லை. பிற்பாடும் அதிகம் பேசியதில்லை. ஏசுபாதம் மட்டும், அக்கா படுக்க உள்ளே பாய் போட்டுவிட்டு, தன்னை மன்னித்துவிடும்படி ஒரே ஒரு தடவை சொன்னான். எப்போதோ மன்னித்தாயிற்று என்று அவள் சொன்னாள். அது உண்மைதான்.

இரண்டு நாள் மூன்று நாளாயிற்று. அவள் மாமல்லபுரம் திரும்பியபோது லோகநாயகி பின்கட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். டப்பாவில் தண்ணீர் ஊற்ற மறந்ததில் எறும்பு ஏறி ஒரு பானைப் புழுவைக் காலி செய்திருந்தது. "ஒரு பானை பூடுச்சி ஞானம். இத்தினி வேலையாடி இதுல? மூணு நாளு நீ இல்லாம நா பேஜாராயிட்டேன்," என்றாள்.

ஞானம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. பையை அறையில் வைத்துவிட்டு, செத்ததைக் கொட்டி, பானையைக் கழுவி வெயிலில் கவிழ்த்தாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில், புதுத் தவிடு வாங்கத் திருப்போரூர் மில்லுக்குப் புறப்பட்டாள்.